பீரங்கிக்காரர் கட்டிய தேவாலயம்

திருத்தணியில் நந்தியாற்றங்கரையில் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. அபராசித பல்லவன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி. பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். எடுப்பித்தவர் பெயரும் ஆட்சியாண்டும் கல்லிலேயே இருக்கின்றன. மன்னனே பாடியதாகக் கருதப்படும் ஒரு வெண்பாவும் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழைய கட்டடம் என்றால் சுவரில் எழுத்தைத் தேடுவது இயல்பாகிவிட்ட பழக்கம். அந்தப் பழக்கத்தோடு சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குப் போனால் முதலில் ஏமாற்றம்தான். வெளிச்சுவரில் சுண்ணாம்புப் பூச்சைத் தவிர எதுவும் இல்லை. எழுத்தெல்லாம் காலடியில் கிடக்கிறது. தேவாலயத்தைச் சுற்றிய தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். ஆங்கிலம், லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மேனியம் என்று பல மொழிகள். அந்தக் கற்களில் பெரும்பாலானவற்றின் அடியில் யாரும் புதைக்கப்படவில்லை.

இந்தியாவில் ஆங்கிலேயக் குடியேறிகள் கட்டிய முதல் ஆங்கிலிக்கன் தேவாலயம் என்றதும் எல்லோரும் இந்தக் கட்டடத்தைத்தான் காட்டுகிறார்கள். சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம் என்பது இதற்குச் சுற்றுலாக் கையேடுகள் சூட்டியிருக்கும் பட்டம். அந்தப் பட்டம் எவ்வளவு சரி, கட்டடம் ஏன் இப்படி இருக்கிறது, கற்கள் ஏன் இடம் மாறின என்று மூன்று கேள்விகளையும் தனித்தனியாகவே எழுதி வந்திருக்கிறார்கள். ஃபிராங்க் பென்னி சென்னைத் திருச்சபையின் வரலாற்றை மூன்று தொகுதிகளில் எழுதினார். ஹென்றி டேவிசன் லவ் 1913-ல் பழைய மதராஸின் ஆவணங்களை நான்கு தொகுதிகளாக்கினார். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-ல் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். மூவரின் உழைப்பையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது மூன்று கேள்விகளுக்கும் ஒரே பதில் கிடைப்பதாக எனக்குப் படுகிறது. இந்த ஆலயத்தின் உருவத்தையும் ஆயுளையும் முற்றத்துக் கற்களையும் தீர்மானித்தது பீரங்கி. பக்திக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அது இரண்டாம் இடத்தில்தான் வருகிறது.

முதலில் அந்தப் பட்டம். சென்னையிலேயே இது முதல் தேவாலயம் கிடையாது. போர்த்துகீசியர் சாந்தோமில் குடியேறியது பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மயிலாப்பூர் லஸ் பகுதியின் பிரகாச மாதா கோயிலுக்கு 1516 என்று சொல்வார்கள். கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயமும் அதே காலத்தது. ஆனால் அது போர்த்துகீசியரிடமிருந்து 1663-ல் டச்சுக்காரர் கைக்குப் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்கு வந்தது. கட்டடத்தின் வயதைப் பார்த்தால் கொச்சி மூத்தது; ஆங்கிலிக்கன் ஆலயமாகவே பிறந்தது எது என்று கேட்டால் சென்னை. பம்பாய்க்காரர்களுக்கும் ஒரு வழக்கு உண்டு. ஜெரால்ட் ஆஞ்சியர் காலத்தில், 1676 வாக்கில், அங்கே ஒரு தேவாலயத்துக்கு அடித்தளம் போட்டார்கள். அது நாற்பது ஆண்டு சுவரோடு நின்றது. 1718 கிறிஸ்துமஸ் அன்றுதான் புனித தாமஸ் ஆலயமாகத் திறந்தார்கள். கல்கத்தாவின் முதல் ஆங்கிலேய ஆலயமான புனித ஆன் 1709-ல் எழுந்து, 1756-ல் சிராஜ் உத் தௌலா நகரைப் பிடித்தபோது அழிந்தது. ஆகவே, தொடங்கி, முடித்து, இன்றுவரை நிற்பது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால் புனித மேரிக்குப் போட்டியில்லை. பம்பாயில் பணமும் ஊக்கமும் வற்றின. கல்கத்தாவில் கோட்டை தோற்றது. சென்னையில் கோட்டை ஒருமுறை கைமாறியும் அழியாமல் நின்றதால் ஆலயமும் நின்றது.

புனித ஜார்ஜ் கோட்டை 1640-ல் உருவாகத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆங்கிலேயருக்கென்று தனி ஆலயம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையின் கூடத்திலேயே ஜெபம் நடந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், கோட்டைக்குள் அப்போதே ஒரு கத்தோலிக்க ஆலயம் இருந்தது. பெகு நாட்டுக்குப் போகும் வழியில் 1642-ல் இங்கே வந்து தங்கிவிட்ட பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி எப்ரேம் த நெவேர், போர்த்துகீசிய வம்சாவழியினருக்காக அதை நடத்தினார். கம்பெனிக்கு அந்த மக்கள் தேவை. சிப்பாயாகவும் துபாஷியாகவும் படைவீரருக்கு மனைவியாகவும் அவர்கள்தான் கிடைத்தார்கள். 1675-ல் அந்தக் கத்தோலிக்க ஆலயத்தைப் புதுப்பித்தபோது ஆளுநர் வில்லியம் லாங்ஹார்ன் பீரங்கி முழக்கி மரியாதை செய்தார். லண்டன் இயக்குநர்களுக்கு அது பொறுக்கவில்லை, கண்டித்து எழுதினார்கள். புராட்டஸ்டண்ட் கம்பெனியின் வெடிமருந்து கத்தோலிக்க ஆலயத்துக்குச் செலவானதுதான் அவர்களுக்கு உறுத்தல்.

லாங்ஹார்னுக்குப் பின் 1678-ல் ஆளுநராக வந்த ஸ்ட்ரேன்ஷம் மாஸ்டர் வேறு வார்ப்பு. குடித்தால் அபராதம், சத்தியம் செய்து திட்டினால் அபராதம், ஜெபத்துக்கு வராவிட்டால் அபராதம் என்று சட்டம் போட்டவர். வந்த சில வாரங்களிலேயே ஆலயம் கட்ட நன்கொடைப் பட்டியலைத் திறந்தார். லண்டனிலிருந்து அனுமதி வரும்வரை காத்திருக்கவில்லை. ஆளுநர் தானே 100 வராகன் போட்டார். கீழே இருந்த உத்தியோகஸ்தர்கள் தத்தம் நிலைக்கேற்பப் போட்டார்கள். இளம் உத்தியோகஸ்தர் எலைஹு யேல் கொடுத்தது 15 வராகன். மொத்தம் சுமார் 800 வராகன் சேர்ந்தது. கம்பெனிக் கஜானா திறக்கப்படவில்லை. பட்டியலில் இருப்பது உத்தியோகஸ்தர்களின் சொந்தப் பணம். ஆனால் அந்தச் சொந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஆர்.கே.பேட்டைக்காரர் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. இவர்கள் இந்தக் கரைக்கு வந்ததே துணிக்காக. சோழமண்டலக் கரையின் வெள்ளைத் துணியும் சாயத் துணியும் கப்பலேறியதால்தான் மதராஸ் என்ற ஊரே பிழைத்தது. உத்தியோகஸ்தர்களின் சம்பளம் சொற்பம். தங்கள் கணக்கில் நடத்திய தனி வியாபாரத்தில்தான் அவர்கள் செழித்தார்கள். உள்நாட்டு நெசவுக் கிராமங்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி திரட்டித் தந்தவர்கள் பேரி திம்மண்ணா, காசி வீரண்ணா போன்ற தலைமை வணிகர்கள். ஆலயம் முடிவதற்குச் சில மாதம் முன்பு, 1680-ல், காசி வீரண்ணா இறந்தார். அவருடைய இளைய மனைவி உடன்கட்டை ஏறுவதைத் தடுத்ததும் இதே மாஸ்டர்தான். நன்கொடையாளர் பெயரெல்லாம் ஏட்டில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அந்த வராகன் ஒவ்வொன்றும் தறியிலிருந்து வந்தது. ஆர்.கே.பேட்டைத் தெருக்களில் இன்றும் விசைத்தறி ஓடும் ஓசையைக் கேட்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலை தொடங்கிய நாள் 1678 மார்ச் 25. கன்னி மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாள். மேரி என்ற பெயர் அதனால் வந்தது என்பார்கள். கட்டட வரைவு யாருடையது என்பதில் ஒரு சிறு தகராறு உண்டு. கோட்டையின் தலைமைப் பீரங்கிக்காரர் எட்வர்ட் ஃபௌல் என்று ஒரு தரப்பு. வில்லியம் டிக்சன் என்று இன்னொரு தரப்பு. யாராக இருந்தால் என்ன, இருவருக்கும் தொழில் பீரங்கிதான். கட்டடமே அதை ஒப்புக்கொள்கிறது. வெளிச்சுவரின் கனம் 4 அடி. கூரை, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைத்த வில்வளைவு. அதன் கனம் 2 அடி. மேலே விழும் குண்டு துளைத்து இறங்காமல் சறுக்கிப் போக வேண்டும் என்பது கணக்கு. கதவு, சன்னல் தவிர மரமே கிடையாது. மரம் இருந்தால் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டால் கரையான் தின்னும்.

கல் தேவாலயம் என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இது கற்றளி அல்ல, செங்கல் தளி. நம் மலைக்கோயில்களில் கல்லைக் கல்மேல் நிறுத்தி உத்தரம் போட்டுக் கூரை வேய்ந்த முறைக்கும் இதற்கும் உறவில்லை. ஆனால் சுண்ணாம்பு வேலை முழுக்க நம்முடையது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, அரைத்து, வெல்லநீரும் கடுக்காய் நீரும் சேர்த்துப் பதப்படுத்திய சாந்து இந்தக் கரையின் கொத்தனார்களுக்குக் கைவந்த வித்தை. மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு போல் மின்னுகிறது என்று பின்னாளில் வந்த ஐரோப்பியப் பயணிகள் வியந்தார்கள். குண்டு சறுக்கும் கூரையை வரைந்தவர் இங்கிலாந்துக்காரர். அந்தக் கூரையைப் பிடித்து நிறுத்திய சாந்து கரையோரத்துச் சூளையில் வெந்தது.

1678-ல் ஏன் இவ்வளவு அச்சம்? அதற்கு முந்திய ஆறேழு ஆண்டுகளைப் பார்த்தால் புரியும். 1672-ல் பிரெஞ்சுக்காரர் சாந்தோமைப் பிடித்தார்கள். கோல்கொண்டாப் படையும் டச்சுக்காரரும் சேர்ந்து 1674-ல் அவர்களை வெளியேற்றினார்கள். கோட்டையிலிருந்து மூன்று மைலில் நடந்த சண்டை அது. 1677-ல் சிவாஜியின் படை மதராஸுக்கு அருகே கடந்து போயிற்று. மராட்டியர் பக்கமிருந்து மருந்துகளும் பொறியாளர்களும் கேட்டுக் கடிதம் வந்தது. கோட்டைக்குள் இருந்த சில நூறு ஐரோப்பியருக்கு அடுத்த முற்றுகை எந்தத் திசையிலிருந்து வரும் என்பது மட்டும்தான் கேள்வி. அப்படிப்பட்ட ஊரில் ஆலயம் கட்டினால், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கும் மற்ற நாளில் ஒதுங்குவதற்கும் ஆக ஒரே கூரையாகத்தான் கட்டுவார்கள்.

1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை. லண்டன் பிஷப்பிடமிருந்து வந்த அதிகாரப் பத்திரத்தின்படி சாப்ளின் ரிச்சர்ட் போர்ட்மன் அதை நடத்தினார். காவல் படை ஆயுதத்தோடு அணிவகுத்தது. சிறு துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டையைச் சுற்றி இருந்த பீரங்கிகளும் முழங்கின. ஐந்து ஆண்டு முன்பு கத்தோலிக்க ஆலயத்துக்குச் செய்த மரியாதை இப்போது சொந்த ஆலயத்துக்கு; இந்த முறை லண்டன் கண்டிக்கவில்லை. மணிக்கூண்டு 1701-லும் அதன் மேல் கூம்பு 1710-லும் வந்து சேர்ந்தன. கூண்டு எழுந்த அடுத்த ஆண்டே கர்நாடகத்தின் முகலாய அதிகாரி தாவூத் கான் கோட்டையை முற்றுகையிட்டார்.

குண்டு தாங்கும் கூரைக்கு உண்மையான சோதனை 1758 டிசம்பரில் வந்தது. லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை, கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் கோட்டையை அடித்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் முற்றுகை கலைந்தது. ஆலயம் தப்பியது. ஆனால் அந்த முற்றுகைக்கு முன்னும் பின்னும் கோட்டையைச் சுற்றி என்னென்ன போயின என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் ஆலயம் தப்பியதை மட்டும் பெருமையாகப் பேசுவது பாதிக் கதை.

1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே மதராஸைப் பிடித்தார். உடன்படிக்கையின் பேரில் 1749-ல் அது ஆங்கிலேயருக்குத் திரும்பியது. திரும்பியவர்கள் முதலில் கை வைத்தது கோட்டைக்குள் இருந்த கப்புச்சின் ஆலயத்தில். பிரெஞ்சுத் துறவிகள் எதிரிக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தில் அதை இடித்தார்கள். வேப்பேரியில் ஆர்மேனிய வணிகர் ஒருவர் கட்டிய கத்தோலிக்க ஆலயத்தைப் பறித்து 1752-ல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளிடம் கொடுத்தார்கள். அங்கே இருந்துதான் மிஷனரி ஃபப்ரீசியஸ் தம் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பைச் செய்தார். அடுத்து, கோட்டைச் சுவருக்கும் ஊருக்கும் இடையே குண்டு பாயத் திறந்தவெளி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பழைய கறுப்பர் நகரம் இடிபட்டது. அதன் நடுவில் இருந்த சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோயில்களும் 1757-ல் தரைமட்டமாயின. கம்பெனி மாற்று நிலமும் ஈட்டுப் பணமும் கொடுத்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் பெரும்பங்கு போட்டார். 1760களில் பூக்கடைப் பக்கம் இரட்டைக் கோயிலாக அவை மீண்டும் எழுந்தன. பட்டணத்துக் கோயில் என்று ஊரார் சொல்வது அதைத்தான்.

சுவருக்கு உள்ளே இருந்த ஆலயம் நின்றது. சுவருக்கு வெளியே பீரங்கியின் பார்வையை மறைத்த கோயில் போனது. உள்ளேயே இருந்தும் சந்தேகத்துக்கு ஆளான ஆலயமும் போனது. மதராஸின் எந்த வழிபாட்டிடம் பழமையானது என்று இன்று வரிசைப்படுத்தும்போது, அந்த வரிசையை ஒருமுறை ராணுவப் பொறியாளர் திருத்தி எழுதியிருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி அந்தக் கற்கள். ஆங்கிலேயரின் முதல் இடுகாடு கோட்டைக்கு வெளியே, இப்போது உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரியும் இருக்கும் வளாகத்தில் இருந்தது. கொய்யாத்தோட்டம் என்று அதற்குப் பெயர். பணக்காரர்கள் உயரமான கூம்புகளும் வளைவுகளுமாகக் கல்லறை கட்டிக்கொண்டார்கள். 1758-ல் லாலியின் ஆட்களுக்கு அந்தக் கல்லறைகள் நல்ல மறைவிடமாயின. அங்கே பதுங்கிக்கொண்டு கோட்டையைச் சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் கம்பெனி அங்கிருந்த கட்டுமானங்களை இடித்துத் தள்ளியது. எழுத்துள்ள பலகைகளை மட்டும் பெயர்த்துவந்து புனித மேரி முற்றத்தில் பாவினார்கள். அதனால்தான் அங்கே உடல் ஓரிடம், கல் ஓரிடம். கதை அதோடு நிற்கவில்லை. 1780களில் ஹைதர் அலியோடு போர் மூண்டபோது பீரங்கிகளை நிறுத்தக் கொத்தளத்தில் உறுதியான தளம் வேண்டியிருந்தது. இந்தப் பலகைகளில் பலவற்றைத் தூக்கிப்போய் அங்கே போட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை திரும்ப முற்றத்துக்கு வந்தன; சில விரிசலோடு வந்தன. இறந்தவரை நினைக்க வெட்டிய கல், எதிரிக்கு மறைவாக இருந்து, பிறகு பீரங்கி மேடையாகி, கடைசியில் நடைபாதையானது. இந்தியாவில் இப்படி அலைந்த கல்வெட்டுகள் அதிகம் இருக்காது.

அந்தப் பலகைகளில் ஒன்று எலிசபெத் பேக்கருடையது. மதராஸின் முதல் பிரசிடென்ட் ஆரன் பேக்கரின் மனைவி. கணவரோடு வரும் கடல்வழியில் 1652-ல் இறந்தார். இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஆங்கிலேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையது இது என்று கருதுகிறார்கள்.

கொய்யாத்தோட்டத்தில் இடிக்காமல் விட்டவை இரண்டே இரண்டு. ஒன்று பௌனி குடும்பத்துக் கல்லறை. இன்னொன்று ஜோசப் ஹின்மர்ஸின் கூம்பு. ஹின்மர்ஸ் 1680-ல் இறந்தார். அவருடைய விதவை கேத்தரினை அதே ஆண்டு நவம்பர் 4 அன்று எலைஹு யேல் மணந்தார். புனித மேரியின் திருமணப் பதிவேட்டில் முதல் பதிவு அது. ஆலயம் பிரதிஷ்டையாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவர்களுடைய மகன் டேவிட் நான்கு வயதில் 1688-ல் இறந்தபோது அதே கூம்பின் அடியில் புதைத்தார்கள். பிள்ளை இறந்த சமயம் யேல் மதராஸின் ஆளுநர். அவர் பதவியில் இருந்தபோது இந்தக் கரையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றும் வியாபாரமும் நடந்தது. அதைப் பற்றி அமெரிக்காவில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். 1718-ல் அவர் கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பிய புத்தகங்களும் சரக்குகளும் அதற்கு அவர் பெயரை வாங்கித் தந்தன. அந்தச் சரக்கில் பெரும்பகுதி துணி. விற்றபோது 562 பவுண்ட் கிடைத்தது.

லாலியின் முற்றுகையைத் தாங்கிய அந்தக் கூம்புக்கு அண்மையில் வேறொரு முற்றுகை வந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தில் வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2023-ல் நீதிபதி ஒருவர் கல்லறையை வேறிடத்துக்கு மாற்றும்படி தொல்லியல் துறைக்கு உத்தரவிட்டார். பெரும் விவாதம் கிளம்பியது. சட்டக் கல்லூரியே அதற்கு முன் இடம் மாறிவிட்டது. அதன் புதிய வளாகங்களில் ஒன்று நம் பக்கம், திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூரில் இருக்கிறது. திருத்தணியிலிருந்து சென்னை போகும் பேருந்தில் உட்கார்ந்தால் சன்னலில் தெரியும். மாணவர்கள் போய்விட்டார்கள், வழக்கில் சிக்கியது இறந்தவர்.

புனித மேரியின் பதிவேடுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. 1680 அக்டோபரிலிருந்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் பதிவாகி வந்திருக்கின்றன. 1753 பிப்ரவரி 18 அன்று ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலினுக்கும் நடந்த திருமணத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1689 ஆகஸ்டில் உள்ள ஒரு பதிவு. கல்கத்தாவோடு பெயர் சேர்ந்த ஜாப் சார்னக், தம் மூன்று மகள்களுக்கு இங்கே ஞானஸ்நானம் செய்வித்தார். பிள்ளைகளின் தாய் இந்துப் பெண். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், 1687-ல், கம்பெனி இயக்குநர்கள் மதராஸுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள்: சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவியுங்கள், பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆனால் தாய்க்கு ஒரு வராகன் கொடுங்கள். கத்தோலிக்கப் பெண்களை மணந்த சிப்பாய்களின் பிள்ளைகள் கப்புச்சின்களிடம் போய்விடக்கூடாது என்பது ஒரு காரணம். கப்பலில் ஆள் அனுப்புவதைவிட இங்கேயே ஆள் பிறந்தால் மலிவு என்பது இன்னொன்று. குடியேற்றம் என்ற சொல்லுக்கு மதராஸில் இருந்த பொருள் இதுதான். வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆலயம் கட்டியவர்கள் நிலத்தை உழுது அங்கேயே பேரன் பேத்தி எடுத்தார்கள். இங்கே வந்தவர்கள் ஒன்று பணம் சேர்த்துக் கப்பல் ஏறினார்கள், இல்லையென்றால் அடக்கப் பதிவேட்டில் ஏறினார்கள். நிலைத்துத் தங்கியது அந்த ஒரு வராகன் பிள்ளைகளின் வம்சம்.

அப்பிள்ளைகளுக்காக 1715-ல் சாப்ளின் வில்லியம் ஸ்டீவன்சன் ஒரு தர்மப் பள்ளி தொடங்கினார். அதன் வழிவந்த புனித ஜார்ஜ் பள்ளி இன்று கீழ்ப்பாக்கத்தில் நடக்கிறது. ஆலய நிர்வாகக் குழு, சேர்ந்த நன்கொடையை வட்டிக்கு விட்டு அதில் ஏழைகளையும் அநாதைகளையும் பராமரித்தது. பெயர் ஆலயக் குழு. வேலையில் பாதி வங்கியின் வேலை.

சார்னக்கோடு சேர்ந்த ஒரு கல்லும் உண்டு. கல்கத்தா புனித ஜான் ஆலய வளாகத்தில் அவருடைய கல்லறைக்குப் போட்ட பலகை பல்லாவரத்துக் கல். புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பாறை வகையை ஆராய்ந்தபோது சார்னக்கின் நினைவாகச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். பல்லாவரத்துக் குன்றில் உடைத்த கல்லுக்கு வங்காளத்தில் புதைந்தவர் பெயர் நிலைத்தது.

ஆலயத்தின் உள்ளே சலவைக்கல் நினைவுச் சின்னங்கள் நிறைய. தஞ்சை மிஷனரி ஷ்வார்ட்ஸுக்குக் கம்பெனியே செலவு செய்து வைத்தது, ஜான் பேக்கன் செதுக்கியது. உள்ளே அடக்கமானவர்களில் இருவர் கதை போதும். ஆளுநர் ஜார்ஜ் பிகட், தஞ்சை அரசையும் ஆற்காட்டு நவாபின் கடன்களையும் பற்றிய தகராறில் சொந்த ஆலோசனைக் குழுவினராலேயே 1776-ல் சிறைப்பட்டு, காவலிலேயே 1777-ல் இறந்தார். அவர் கல்லில் பெயர் இல்லை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1827 ஜூலையில் பட்டிகொண்டாவில் காலராவால் இறந்து கூத்தியில் அடக்கமானார். சில ஆண்டு கழித்து அவர் எச்சங்களை இங்கே கொண்டுவந்தார்கள். முற்றத்தில் உடலை விட்டுக் கல் வந்தது. மன்றோவுக்குக் கல் வைக்க உடலையே வரவழைத்தார்கள்.

குடியேறிகளின் ஆலயங்களில் போர் விட்டுப்போன தடம் கோட்டையோடு முடியவில்லை. உதகையில் ஆளுநர் லஷிங்டன் 1829-ல் அடிக்கல் நாட்டி, 1831 ஈஸ்டரில் வழிபாட்டுக்குத் திறந்த புனித ஸ்டீபன் ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து மலையேற்றியவை. அங்கே எதிரிக் குண்டுக்கு அஞ்சிக் கூரை போட வேண்டியிருக்கவில்லை. வென்ற போரின் மரமே கூரையாயிற்று.

இந்த ஆலயங்களில் தமிழருக்கு என்ன இடம்? நெடுங்காலம் வாசலுக்கு வெளியேதான். மதப் பிரச்சாரம் வியாபாரத்துக்குக் கேடு என்று கம்பெனி அஞ்சியது. 1813 சாசனம் வரை மிஷனரிகளுக்கு அதன் எல்லையில் தாராள அனுமதி இல்லை. சாப்ளின் ஜார்ஜ் லூயிஸ் போன்ற சிலர் தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்குக்கு உதவினார்கள், அவ்வளவே. தமிழ் ஆங்கிலிக்கன் திருச்சபை வேரூன்றியது கோட்டையிலிருந்து வெகு தெற்கே, நெல்லைச் சீமையின் தேரிக்காட்டில். இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் ஊர் மக்களைக் கொண்டு கல்லால் ஆலயம் எழுப்பினார். முப்பது ஆண்டுக்கு மேல் இழுத்த வேலை 1880-ல் முடிந்தது. புனித மேரி பிரதிஷ்டையாகிச் சரியாக இருநூறு ஆண்டு. கல் தேவாலயம் என்ற பெயருக்குத் தகுந்த கட்டடம் வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். அதைக் கட்டியவர்கள் குடியேறிகள் அல்லர், பனையேறிகளும் உழவர்களும். கால்டுவெல் 1891-ல் இறந்து அதே ஆலயத்துக்குள் அடக்கமானார். அவர் மேல் இருக்கும் கல் அவருடையதுதான்.

1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது புனித மேரியும் அதில் சேர்ந்தது. கோட்டை தலைமைச் செயலகமாகவும் சட்டமன்றமாகவும் ஆயிற்று. ஒரு பகுதி ராணுவத்திடம் இருக்கிறது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பகுதிகள் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தபின், நமக்கும் கோட்டை என்றால் மனுக் கொடுக்கப் போகும் இடம். மனுவோடு போகிறவர்களில் அநேகர் ஆலயப் பக்கம் திரும்புவதில்லை. திரும்ப நினைப்பவர்கள் அடையாள அட்டை கொண்டுபோவது நல்லது; வாசலில் காவலர் கேட்பார், பையையும் சோதிப்பார். சட்டமன்றம் கூடும் நாட்களைத் தவிர்க்கலாம். வெயில் தாழ்ந்தபின் போனால் கல்லில் எழுத்து நன்றாகத் தெரியும். உச்சியில் போனால் பலகை சூட்டில் நின்று படிக்க முடியாது.